புளூபெர்ரி பூத்த ஞாயிற்றுக்கிழமை

மாமா அந்தச் செடியை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார். படுக்கை வசதி இருந்தும் படுக்கவில்லையாம். கண் அசந்தால் யாராவது செடியின் மேல் பையை வைத்துவிடுவார்கள் என்று உட்கார்ந்தே வந்ததாக அவரே சொன்னார். தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது ஒரு தோளில் ராணுவப் பச்சை மூட்டை, மறு கையில் சாக்குத் துணி சுற்றிய வேர்மண். செடி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு நாலைந்து குச்சிகள், குச்சிக்குச் சில இலைகள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வடக்கே பனிமலையில் எங்கோ ராணுவத்தில் இருந்தார். நான் அப்போது நாலாம் வகுப்பு.

ஒரு குச்சியில் தகரச் சீட்டு கட்டியிருந்தது. அதில் இங்கிலீஷில் இருந்ததை மாமா எங்களுக்குத் தமிழில் சொன்னார்: புளூபெர்ரி, குளிர் தாங்கும் ரகம்.

“தாங்குனா நல்லதுதான். இங்கன சாரல் அடிச்சா ஒண்ணும் ஆயிராதுல்லா?” என்றாள் அம்மா.

“ஆகாதுக்கா. பனிக்குள்ளயே நின்ன செடி.”

அடுத்த கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. குளிரையே தாங்குகிறதென்றால் வெயில் எம்மாத்திரம் என்று எல்லோரும் நினைத்தோம். நான் இப்போது தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பொருட்களின் மேல் ஒட்டியிருக்கும் குறிப்புகளைப் படிப்பது என் வேலையில் பாதி. ஒரு பொருள் எதைத் தாங்கும் என்று அதில் எழுதியிருப்பார்கள். எது இல்லாமல் அது பிழைக்காது என்பதைப் பெரும்பாலும் நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

செடியோடு மாமா ஒரு திட்டத்தையும் கொண்டுவந்திருந்தார். வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு வந்துவிடுவது, இலத்தூர்ப் பக்கம் இருக்கிற குடும்ப நிலத்தில் புளூபெர்ரித் தோட்டம் போடுவது, குற்றாலத்துக்கு சீசனில் வருகிறவர்களிடம் பழத்தை விற்பது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிற இடத்தில் இது விற்காதா என்பது அவர் கேள்வி.

கடையத்திலிருந்த தாத்தா, அதாவது அம்மாவின் அப்பா, இதைப் போனில் கேட்டார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தெருவில் வீட்டுக்கு ஒருவர் போலீசிலோ ராணுவத்திலோ இருந்தார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தெரிவது காக்கியிலோ பச்சையிலோ ஒரு போட்டோ. பாதியில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர் அந்தத் தெருவில் அதுவரை யாரும் இல்லை. வருகிறவனுக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது தாத்தாவுக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“குச்சியக் கொண்டாந்து நட்டுட்டுத் தோட்டம்ங்கான். ஏலே, அது ஒரு பூ பூக்கட்டும். பூத்துட்டா நானே வந்து எழுதிக் குடுன்னு சொல்லுதேன். பூக்கலையா, லீவு முடிஞ்சதும் பொட்டியக் கட்டு.”

மாமா சரி என்றார்.

நான் மாமா கட்சி. அதற்கு வலுவான காரணங்கள் இருந்தன. என்னை ‘மருமகளே’ என்று கூப்பிடுவார், பைக்கின் முன்னால் உட்கார வைப்பார், சாப்பாட்டுக்கு முன்னால் வாங்கித் தரும் ரம்புட்டானைப் பற்றி அம்மாவிடம் மூச்சுவிட மாட்டார். அவர் இங்கேயே இருக்க வேண்டுமென்றால் செடி பூக்க வேண்டும். கணக்கு நேராக இருந்தது. செடிக்கு என்னென்ன வேண்டும் என்று மாமா போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, நான் பின்வாசல் கதவில் சாக்பீஸால் எழுதினேன். அமில மண், நல்ல தண்ணீர், குளிர்.

முதலாவதை அம்மா எடுத்துக்கொண்டாள்.

“அமிலம்னா?”

“புளிப்புக்கா. மண்ணு புளிப்பா இருக்கணும்.”

“இம்புட்டுதானா? மோரு கெடக்கு.”

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பழைய பெயின்ட் வாளியில் செடி நின்றது. அம்மா நாள்தோறும் மிஞ்சிய புளித்த மோரை அதில் ஊற்றினாள். மோர் தீர்ந்த அன்று புளியைக் கரைத்து ஊற்றினாள். வாளியைச் சுற்றி எறும்பு வந்தது, அதன் பிறகு ஒரு பூனை வந்தது. பின்வாசல் பக்கம் ஒரு வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அப்பா பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார். “மோரும் ஊத்தியாச்சு, புளியும் ஊத்தியாச்சு. இன்னும் கொஞ்சம் கடுகு தாளிச்சு விட்டா கொழம்பாயிரும்லா மாப்ள” என்றார். மாமா சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த லீவில் அவர் அதிகம் சிரிக்கவில்லை.

தண்ணீர் என் பொறுப்பு. எங்கள் போர்வெல் தண்ணீர், வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணீர். அதை ஊற்ற ஊற்ற இலை மஞ்சளானது. குற்றாலத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். அருவியில் குளித்தால் எல்லாம் சரியாகும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். செடிக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். காரணம் தப்பு, முடிவு சரி. அருவித் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அந்தச் செடிக்கு அதுதான் வேண்டும். இதை இன்று என்னால் சோதித்துச் சொல்ல முடியும். அன்று நம்பிக்கை மட்டும்தான்.

மாமாவும் நானும் பைக்கில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு போவோம். சாரல் தொடங்கியிருந்தது. கூட்டம் எண்ணெய் மினுமினுப்போடு அருவிக்குள் முண்டியடிக்கும்போது, நாங்கள் கீழே ஓடையில் கேனை அமுக்கிக்கொண்டிருப்போம். நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற ஒருவர் எங்களைத் தினமும் பார்ப்பார்.

“என்ன தம்பி, அருவியவே பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போயிருவிய போலுக்கு.”

“செடிக்கு அண்ணாச்சி.”

“செடியக் கூட்டிட்டு வாங்க, நான் எண்ண தேச்சு விடுதேன்.”

எல்லோரும் குளிக்கிற இடத்தில் மாமா ஒருநாளும் குளிக்கவில்லை. அருவியின் தூவானம் மேலே படும் தூரத்துக்குக்கூட வரமாட்டார். ராணுவக்காரருக்குத் தண்ணீர் பயமா என்று கேட்டேன். “ஜலதோசம் பிடிக்கும் மருமகளே” என்றார். வீட்டிலும் மின்விசிறியைப் போடவிடாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் படுப்பார். அதையும் ஜலதோஷக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

புதுத் தண்ணீரில் செடி துளிர்விட்டது. பச்சையாக, பளபளப்பாக, நாலு குச்சியிலும் இலை. பூ மட்டும் இல்லை. லீவு முடிய அதிக நாள் இல்லாதபோதுதான் மாமா போனில் இருந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினார். இந்த ரகம் குளிர்காலம் முழுக்கக் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் பூக்கும். சாரல் காற்றெல்லாம் அதற்குக் குளிர் இல்லை.

அம்மா பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். இட்லி மாவுப் பாத்திரத்தை எடுத்தாலும் வாளி நுழையாது. கதவை மூடிவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. நான் மீன்கடைக்குப் போய், கடைக்காரரிடம் கெஞ்சி, ஒரு சிமென்ட் பை நிறையப் பொடி ஐஸ் வாங்கி இழுத்துக்கொண்டு வந்தேன். ஐஸில் சாளை மீன் வாடை அடித்தது. அதை வாளி நிறையக் கொட்டி, வாளியே தெரியாதபடி சுற்றிலும் குவித்து, போனில் பார்த்த பனிமலை மாதிரி தட்டிச் சரிசெய்தேன். வெள்ளைக் குவியலுக்கு வெளியே நாலு குச்சி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

மாமா பார்த்தார். பார்த்தபடியே அங்கேயே தரையில் உட்கார்ந்தார். பிறகு முழங்காலில் ஊர்ந்து போய் இரண்டு கையாலும் ஐஸை வாரி வாரி வெளியே தள்ளினார். நான் விளையாட்டு என்று நினைத்து நானும் வாரினேன். அவர் விளையாடவில்லை என்பது அவர் மூச்சைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தாள். “ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல, நம்ம வீடுடா இது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “வேரு அழுகிரும்னு தெரியாதாட்டி உனக்கு?” என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

வேர் அழுகுவது பற்றி மாமா ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும் என்று அன்று முழுக்க யோசித்தேன்.

அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மாமாவின் முகாம் மீது பனி சரிந்திருக்கிறது. தோண்டி எடுக்கப் போனவர்களில் மாமாவும் ஒருவர். முதலில் தெரிந்தது ஒரு கைதான், நண்பனுடைய கை. இதை அவர் அன்று மதியம் அறைக்குள் அம்மாவிடம் சொன்னார். தாத்தாவிடம் சொல்லிவிடாதே, பயந்து ஓடிவந்துவிட்டான் என்று தெரு சொல்லும் என்றும் சொன்னாராம். அம்மா எனக்குச் சொல்லும்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா கடையத்துக்குப் போன் போட்டாள்.

“எப்பா, செடி பூத்துருக்கு.”

நான் பின்வாசலுக்கு ஓடினேன். ஒவ்வொரு குச்சியாகப் பார்த்தேன். திரும்பி வந்து, “அம்மா, பூவே இல்ல” என்றேன்.

“நீ போயி வீட்டுப்பாடத்த எழுது.”

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் ஏட்டாக இருந்தவரிடம். தாத்தா மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே வருவதாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போய்ப் பார்த்தேன். செடி பூத்திருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் இரண்டு மூன்று வெள்ளைப் பூக்கள். கிட்டப் போனேன். புளூபெர்ரிப் பூ குட்டிப் பானையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் என்று போனில் பார்த்திருந்தேன். இது இதழ் விரிந்து, பக்கத்து வீட்டிலிருந்து எங்கள் சுவரைத் தாண்டி வந்து நிற்கிற முருங்கையின் பூவாக இருந்தது. காம்பு குச்சியைத் தொடுகிற இடத்தில் நசுக்கிய சோற்றுப் பருக்கை காய்ந்திருந்தது.

மாமாவும் பார்த்துவிட்டார். “அக்கா, இது முருங்கப் பூவு. அப்பா என்ன கண்ணு தெரியாதவரா?”

“நீ சும்மா நில்லு.”

“மோரு ஊத்துனதுல முருங்கையாயிட்டு போலுக்கு” என்று அப்பா சொல்லிவிட்டு, அம்மா பார்த்த பார்வையில் உள்ளே போனார்.

தாத்தாவை ஏமாற்ற முடியாது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒருவன் தண்ணீர் குடிக்கிற விதத்தை வைத்தே பொய்யைக் கண்டுபிடிப்பார் என்பார்கள். வெல்லத்தை எடுத்தது யார் என்று அவர் என்னிடம் கேட்டதுகூட இல்லை, பார்த்தார், நான் ஒப்புக்கொண்டேன். அவர் பை நிறையக் கத்தரிக்காயோடு வந்து இறங்கினார். மாட்டிக்கொண்டால் மாமா பெட்டியைக் கட்ட வேண்டும்.

“எங்க அது?” என்றார். பின்வாசலுக்குக் கூட்டிப் போனோம்.

தாத்தா வாளியின் முன்னால் குத்தவைத்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பூவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அதன் பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா துவைக்கிற கல்லுக்கு அருகே, கைகளைப் பின்னால் கட்டி, மேலதிகாரி முன் நிற்பதுபோல் நின்றார். முழங்கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தாத்தா அதைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

“தாத்தா, அது வந்து…” என்று ஆரம்பித்தேன். அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

தாத்தா ஒரு பூவைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. அடியில் ஒட்டியிருந்த பருக்கையை நகத்தால் சுரண்டி, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, கீழே போட்டார். பூவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முழங்காலைப் பிடித்து மெல்ல எழுந்தார்.

“பூத்துருக்கு” என்றார்.

தாத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

“சொன்ன சொல்லு சொல்லுதான்லே. எழுதிக் குடுத்துரு. கேக்கவன்ட்ட எம்மவன் தோட்டம் போட வந்துருக்கான்னு நான் சொல்லிக்கிடுதேன்.”

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “எப்பா, காப்பி ஆறுது” என்று அம்மா உள்ளே போனாள்.

செடி அடுத்த கோடையைத் தாண்டவில்லை. மாமா அந்த நிலத்தில் வாழை வைத்தார். அது நன்றாகவே வந்தது. புளூபெர்ரி என்ன ஆயிற்று என்று தாத்தா ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த ஞாயிறு மதியம், ஒட்டியது போக மிஞ்சிய பூவை அம்மா வீணாக்கவில்லை. தாத்தா கொண்டுவந்த கத்தரிக்காய் குழம்பாயிற்று, பூ பொரியலாயிற்று. தாத்தா மாமாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட்டார். பொரியலை ஒரு வாய் போட்டதும், “முருங்கப் பூவு நல்லாருக்கு, இவனுக்கு இன்னும் ரெண்டு கரண்டி வையி” என்றார்.

எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அவர்மேல் இருந்த மரியாதை அந்த நிமிடம் சற்றுக் குறைந்தது. இலையில் வைத்தால் தெரிகிற பூ, செடியில் இருந்தால் தெரியவில்லை. இவர் இத்தனை வருடம் திருடர்களை எப்படித்தான் பிடித்தாரோ என்று நினைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.