தொவாதரின் கோட்டு

அந்தக் கோட்டைக் கையில் வாங்கியபோது சொல்ல வேண்டியதைச் செனோவியா சொல்லாமல் விட்டுவிட்டாள். வலேனி ஊரில் சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தவறு.

தொவாதர் இறந்து நாற்பதாம் நாள் அன்று. முப்பத்தொரு வருஷம் ஊர் ரயில்வே கேட்டைத் திறந்து மூடியவர். அவர் மனைவி அக்லாயா, இனிப்புச் சேர்த்து வேகவைத்த கோதுமையை எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கணவரின் துணிமணிகளை ஒவ்வொன்றாகத் தானம் கொடுத்தாள். ஒவ்வொன்றோடும் எரியும் மெழுகுவத்தி ஒன்று. "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொன்னால்தான் பொருள் அந்த உலகத்தில் அவர் கைக்குப் போய்ச் சேரும். செனோவியாவுக்கு வந்தது பித்தளைப் பொத்தான் வைத்த கனத்த சாம்பல் நிறக் கோட்டு. அவள் காலரைத் தூக்கிப் பார்த்து, மேடைக்கென்றே தைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவளுக்கு எதைப் பார்த்தாலும் மேடைதான். எட்டு வருஷம் இத்தாலியில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்தவள். இறந்துபோன ஆறு பேரின் கண்களைத் தன் கையால் மூடியிருக்கிறாள். ஊர் திரும்பிய பிறகு காலையில் ரொட்டிக் கடையில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பொதுமண்டபத்தில் தானே எழுதிய நாடகத்தில் எல்லா வேஷத்தையும் தானே போடுவாள். ஒல்லிப் பையன் பொம்பிலியு பக்கத்தில் அக்கார்டியன் வாசிப்பான். அவள் நாடகத்தில் யாராவது கட்டாயம் சாவார்கள். செத்த பத்தாவது நிமிஷம் ஜனம் சிரித்தாக வேண்டும். ஏன் இப்படி என்று பாதிரியார் கேட்டதற்கு, தான் வேலை பார்த்த வீடுகளில் எல்லாம் அந்த வரிசையில்தான் நடந்தது என்றாள்.

தொவாதர் படுக்கையில் விழுந்த கடைசி இரண்டு மாதமும், ரொட்டி கொடுக்கப் போகிற சாக்கில், அவர் கட்டில் முன்னால் பத்து நிமிஷம் நடித்துக் காட்டிவிட்டு வருவாள். அவர் வயிற்றுத் தையல் வலிக்கச் சிரிப்பார். அதனால்தான் இருந்ததிலேயே நல்ல துணியை அக்லாயா அவளுக்குக் கொடுத்தாள்.

கோட்டுப் பையில் சூரியகாந்தி விதைத் தொலி ஒரு கைப்பிடி கிடந்தது. அதிலிருந்து நாடகம் பிறந்தது. ஒரு கேட் கீப்பர் செத்துப் போகிறார். அங்கே போனால் சொர்க்கத்தின் கேட் மூடியிருக்கிறது. வண்டிக்காரர்கள் தன்னைத் திட்டிய திட்டையெல்லாம் வெளியே நின்று அவரே திட்டித் தீர்க்கிறார்.

நாடகத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை காலை, ரொட்டிக் கடை வரிசையில் அக்லாயா வந்து நின்றாள். முறை வந்ததும் ரொட்டி கேட்கவில்லை.

"கோட்டைக் குடுத்துடு. பொம்பிலியுவுக்குக் குடுக்கப் போறேன். அவனுக்காவது வாய் இருக்கு."

பின்னால் நின்ற பொம்பிலியு, "வாய் இருக்கு அத்தை, தோளுதான் இல்ல" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அக்லாயாவுக்கு மூன்று தடவை கனவு வந்ததாம். பனி கொட்டுகிறது, ஏதோ ஒரு கேட்டுக்கு வெளியே தொவாதர் வெறும் சட்டையோடு நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இவளைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் அக்லாயாவால் தாங்க முடியவில்லை.

செனோவியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இதோ இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று வாயைத் திறந்தாள்.

"கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்னு சொல்றதுக்கு, என்னடி, மீதிச் சில்லறையா குடுக்கிற?"

"நாளைக்கு மூணு மணிக்கு மண்டபத்துக்கு வாங்க அத்தை. கோட்டு உங்க கைக்கு வந்துடும்."

அக்லாயா ரொட்டி வாங்காமலே போனாள்.

நாடகத்துக்கு வேறு கோட்டு கிடைக்காமல் போகாது. அவளை உறுத்தியது வேறு. சாகிறவர்கள் குளிருது குளிருது என்று சொல்லும்போது அவர்கள் பாதத்துக்குக் காலுறை மாட்டிவிட்ட கை அவளுடையது. தன்னால் ஒரு மனிதர் குளிரில் நிற்கிறார் என்றால், அது கனவென்று அவளால் தள்ளிவிட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. அக்லாயா முதல் வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். செனோவியா வெறும் சட்டையோடு வந்தாள். கோட்டு மேடை ஆணியில் தொங்கியது. மூடிய கேட்டைப் பார்த்து அவள் திட்டத் தொடங்கியதும் ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அக்லாயா மட்டும் சிரிக்கவில்லை. கனவில் கண்ட அதே ஆள், அதே சட்டை.

கேட் திறக்க வேண்டிய கட்டம் வந்தது. செனோவியா கோட்டை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்து அதை அக்லாயாவின் மடியில் வைத்தாள். பொம்பிலியு வாசிப்பை நிறுத்தினான்.

"அன்னைக்கு நான் சரியா வாங்கல அத்தை. இது உங்களோடது. யாருக்கு வேணும்னாலும் குடுங்க."

அக்லாயா வெகுநேரம் பித்தளைப் பொத்தான்களைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையைத் திறந்து மெழுகுவத்தியை எடுத்துப் பற்றவைத்து, கோட்டோடு சேர்த்து நீட்டினாள். பொம்பிலியு பக்கம் திரும்பவே இல்லை.

"தொவாதரைக் கடவுள் மன்னிக்கட்டும்" என்றாள் செனோவியா. மண்டபமே எழுந்து நின்று அதைத் திருப்பிச் சொன்னது. அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"காலரைத் தூக்கி விடுடி. அவர் அப்படித்தான் போடுவார்" என்றாள் அக்லாயா. "தொலியையும் கண்ட எடத்துல துப்பணும். வாழ்க்கை பூரா நான்தான் பெருக்கினேன்."

மேடைக்குத் திரும்பிய செனோவியா, சொர்க்கத்து வாசலில் தொலியைத் துப்பினாள். அக்லாயா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்து கைப்பை நழுவி விழுந்தது.

இப்போது சுற்றுவட்டார ஊர்களிலெல்லாம் பெண்கள் தங்கள் வீட்டுச் செத்தவர்களின் துணியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். செனோவியாவின் அலமாரி மூடுவதில்லை. எந்தத் துணியைப் போட்டு நடித்தாலும் முதலில் அதற்குரியவரின் பெயரைச் சொல்கிறாள்.

மே மாதம் அக்லாயா ரொட்டிக் கடைக்கு வந்தாள். மறுபடியும் கனவாம்.

"இப்போ வேர்க்குதாம் அவருக்கு" என்று ஒரு பருத்திச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

செனோவியா கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு, கல்லாவைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் சட்டையைத் தொட்டாள்.