மூன்றுக்கு ஒன்று

பால் பொங்குவதற்குள் கணக்கு டீச்சர் மார்க் போட்டுவிடுவார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே தன் இடது கை, வலது கை, கழுத்து, இடுப்பு என்று ஒரு பார்வை. பிறகு சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, நாற்பது பக்க நோட்டில் தேதிக்கு நேரே இரண்டு எண்கள். அரிப்புக்கு மூன்றுக்கு எவ்வளவு, தடிப்புக்கு மூன்றுக்கு எவ்வளவு. பெரும்பாலும் அரிப்புக்கு ஒன்று. தடிப்பு விடிவதற்குள் மறைந்திருந்தால் பூஜ்யம். விடைத்தாளில் இல்லாததற்கு எப்படி மார்க் போடுவது? எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பிறகுதான் அடுப்பை அணைப்பார்.

தோல் டாக்டர் பழக்கிவிட்டது அது. காணாக்கடி என்கிற அந்தத் தோல் தடிப்பு வந்து பதினொரு மாதம் ஆகிவிட்டது. உடம்பெல்லாம் கிளம்பும், ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் பூனையைக் கண்ட எலியாகிவிடும். "நான் பார்க்காதத உங்க நோட்டுதான் எனக்குக் காட்டணும் டீச்சர்," என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

நாத்தனார் சொன்னாள் என்று முட்டையை விட்டார். அக்கா சொன்னாள் என்று தக்காளியை விட்டார். சோப்பை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. அழுகையும் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்பது போல நோய்க்குள் நின்றுகொண்டிருந்தார்.

பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு, மேசை விளிம்பில் அவர் விலாவைத் தேய்ப்பதைப் பிள்ளைகள் கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் அடங்காவிட்டால் பெரிய வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் சொல்லியாகிவிட்டது. பத்தொன்பது வருடமாக எடுத்த வகுப்பு. சொன்னபோதுகூட ஒன்றும் தோன்றவில்லை. குடையை எங்கே வைத்தோம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடைத்தெருவில் மட்டும் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் கணவரும் கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தார். நோட்டு வழக்கம்போல நர்ஸ் கையில் முன்பே உள்ளே போய்விட்டிருந்தது.

"வாரத்துக்கு நாப்பத்திரெண்டுக்கு, இந்த மூணு வாரமும் ஆறு, அஞ்சு, அஞ்சு," என்றார் டாக்டர். "நல்லாவே குறைஞ்சிருக்கே டீச்சர்."

"ஆமாங்க," என்றார் டீச்சர். கைப்பையை எடுத்துக்கொண்டார்.

கணவர் சிரித்தார். "டாக்டர், இவ கையால அஞ்சு மார்க் வாங்கறது லேசுப்பட்ட காரியமில்ல. பள்ளிக்கூடத்துல பசங்க வெச்சிருக்கற பேரே 'அரை மார்க்'."

"வந்த எடத்துல சும்மா இருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "டீச்சர், உங்க கணக்குல மூணுன்னா என்ன?"

"மூணா? அது முழு மார்க்காச்சே. அதுக்கு மேல எதுவும் இருக்கக் கூடாது. நாளைக்கு இதவிட மோசமா வந்தா என்னத்தப் போடறது?"

"நேத்து எவ்வளவு நேரம் தூங்குனீங்க?"

"ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"அதுக்கு?"

"ஒண்ணு போட்டேன்."

கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"விடைக்குறிப்பு கொடுக்காம திருத்தச் சொன்னா நான் வேற எப்படிப் போடுவேன்?" என்றார் டீச்சர். குரலில் கோபமில்லை. எதுவுமே இல்லை.

"அது என் தப்புதான். வாங்க, சேர்ந்தே எழுதுவோம்."

நோட்டின் உள்அட்டையில் எழுதினார்கள். அரிப்பு இருப்பது தெரிந்தால் ஒன்று. தூக்கம் போனால் மூன்று. வந்து மறைந்த தடிப்புக்கும் மார்க் உண்டு. பாடத்தை நிறுத்த வேண்டி வந்தால் ஒன்றுதான் என்று டீச்சர் பிடிவாதம் பிடித்தார். இரண்டு என்றார் டாக்டர். கத்திரிக்காய் பேரம் மாதிரி கொஞ்ச நேரம் போனது.

"சரி, ரெண்டு," என்றார் டீச்சர் கடைசியில்.

அடுத்த வாரக் கூட்டல் முப்பத்திநாலு. டீச்சர் ஏற்கெனவே போட்டுவந்த, தூக்கக் கலக்கம் தராத அரிப்பு மாத்திரையையே நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டாக்கி, பிறகு நான்காக்கினார் டாக்டர். இருபத்தொன்று வந்தது. பிறகு ஒன்பது. அரையாண்டுத் தேர்வு வந்தபோது பெரிய வகுப்பின் விடைத்தாள்கட்டு டீச்சர் மேசையிலேயே இருந்தது. சந்தோஷமா என்று கணவர் கேட்டார். "தெரியல," என்று சொல்லிவிட்டு முதல் தாளை எடுத்தார்.

ஒரு வருடம் கழித்து, மருந்துக் கடையில் பார்த்தபோது நர்ஸ்தான் கணவரிடம் அதைச் சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமை, அவர்கள் இருவரும் உள்ளே போவதற்கு முன்பே, நோய் அடங்கிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாம், இனி வரத் தேவையில்லை என்று டாக்டர் சீட்டெழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாராம்.