வாங்கின பிறகு வளர்ந்த மீன்

சின்ன மீன் போதும் என்று சொன்னது நான். கொளத்தூர் வளர்ப்பு மீன் கடையில், கடைக்காரர் காதுபட, என் வீட்டுக்காரர் காதுபடத்தான் சொன்னேன். காலடிப்பேட்டையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. தண்ணீர் லாரி வந்தால் குடம் குடமாகப் பிடித்து மாடிக்கு ஏற்றுகிறவள் நான். மீன் தொட்டி வைத்தால் அதற்கும் நான்தான் ஏற்ற வேண்டும். தூக்குகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டது எங்கள் மகள். கடையில் அவள் நேராகக் கப்பி மீன்களிடம் போய் நின்றாள். நகத்தளவு மீன், உடம்பை விட வால் பெரிது. எனக்கும் பிடித்துப்போனது.

"இதையே வாங்கு. கொஞ்சமா துன்னும், கொஞ்சமா அழுக்கு பண்ணும், தூக்கறவளுக்கும் தோள் தாங்கும்" என்றேன்.

என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. அவர் காசிமேட்டுக் குடும்பம், ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்று வளர்ந்தவர்கள். விருந்தாளிக்குப் பொடி மீன் குழம்பு வைத்துவிட்டால் வருஷக்கணக்காகச் சொல்லிக்காட்டும் ஜனம்.

"இன்னாமே இது, நெத்திலி கணக்கா கீது? வூட்டுக்கு வர்றவன் இன்னா நெனப்பான்?"

"இதுல கொழம்பா வெக்கப் போறோம்? தண்ணி யாரு தூக்கறது?"

"பெரிய தண்ணி! நான் தூக்குறேன், வுடு."

அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

அடுத்த தொட்டிக்குப் போனார். குனிந்து ஒரு மீனின் செவுளைப் பார்த்தார், சிவப்பாக இருக்கிறதா என்று. உயிரோடு நீந்துகிற மீனுக்கு! பிறகு கடைக்காரரிடம், "இது எட இன்னா வரும்?" என்றார். மகள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

கடைக்காரர் விவரமான ஆள். எங்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், விரல் நீளத்தில் ஒரு மீனைக் காட்டினார். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுக் கோடு, பெயர் ஆஸ்கர். "அம்மாவுக்கும் சின்னது, சாருக்கும் கெத்து" என்றார். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் பல். அது எவ்வளவு பெரிதாகும் என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? பரம்பரையாக மீன் வாங்குகிற வீடு. நாங்கள் வாங்கின எந்த மீனும் அதற்கப்புறம் வளர்ந்ததில்லை. தராசில் என்ன அளவோ, சட்டியிலும் அதே அளவுதான். ஆனால் கடைக்காரருக்குத் தெரியுமே! தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே, அந்த ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை.

வளர்ந்தது. உள்ளங்கை அளவானது, அப்புறம் முழங்கைக்கு வந்தது. போட்டதையெல்லாம் தின்றது, தின்றதையெல்லாம் கழித்தது. அடிக்கடி பாதித் தண்ணீரை இறைத்துப் புதுசு ஊற்றாவிட்டால் வீடே நாறும். லாரித் தண்ணீரில் மருந்து வாடை வேறு. ஒரு நாள் டிரம்மில் வைத்திருந்துதான் ஊற்ற வேண்டும். அந்த டிரம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறவள். குடம் ஏற்றின நாளில் வலது தோள் விண்விண் என்று தெறிக்கும், துணியைத் தள்ளக் கை வராது.

"நான் தூக்குறேன்" என்றவர் துறைமுகத்துக்கு ட்ரெய்லர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் ரோட்டில் வரிசையில் காய்ந்து, வந்ததும் சுருண்டு படுப்பார். களைப்பு நிஜம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யாராவது வந்துவிட்டால் அந்தக் களைப்பு எங்கே போகுமோ! "பாரு மாமு, கையிலயே வாங்கித் துன்னும்" என்று தொட்டி முன்னால் குந்திக்கொள்வார். நோகாமல் நோன்பு கும்பிடுகிற மனுஷன்.

கடைசியில் அந்த மீன் திரும்பக்கூட இடமில்லாமல் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் எனக்கு என்ன கோபம்? அது என்ன, என்னை வாங்கு என்று கேட்டதா? ஒரு வாளியில் மூடி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கொளத்தூருக்கே போனேன். "பெருசாயிட்டா யாரும்மா வாங்குவாங்க?" என்றார் அதே கடைக்காரர்.

"சின்னதா இருந்தப்போ வாய்ல இன்னா வெச்சிகினு இருந்த?" என்று கேட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஆட்டோக்காரர், பக்கத்தில்தானே, புழல் ஏரியில் விட்டுவிடலாம் என்றார். ஊர் குடிக்கிற தண்ணீர். அங்கே இருக்கிற பொடி மீன்களை இது மிச்சம் வைக்குமா? திரும்பக் கொண்டுவந்தேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார்: "அப்போ பெரிய தொட்டியா வாங்கிட்லாம்."

எனக்கு வந்ததே கோபம்! "யோவ், மீனு உன்னுது, தண்ணியும் உன்னுது. இனிமே ஒரு சொட்டு நான் ஏத்த மாட்டேன்" என்றேன். சொன்னபடி நின்றேன். வீடு நாறத் தொடங்கியதும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு இறங்கினார்.

அவருடைய நண்பர் மனைவியோடு அன்றைக்குத்தான் வந்தார். அவர்களும் வீட்டில் தொட்டி வைக்கப் போகிறார்களாம். என் வீட்டுக்காரர் முதல் மாடி வளைவில் குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் தண்ணீர். அடுத்து அவர் பிடித்து வர வேண்டிய காலிக் குடத்தோடு நான் மேல்படியில் நின்றிருந்தேன்.

"மாமு, உன்னுது மாதிரியே பெருசா ஒண்ணு சொல்லு" என்றார் நண்பர்.

"வாணாம் மாமு. சொன்னா கேளு, சின்ன மீனா வாங்கு. கொஞ்சமா துன்னும், கொஞ்சமா அழுக்கு பண்ணும், தூக்கறவனுக்கும் தோள் தாங்கும்."

வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது! தூக்கறவளை மட்டும் தூக்கறவனாக மாற்றிக்கொண்டார். நண்பர், பெரிய ஞானம் கிடைத்தமாதிரி தலையாட்டினார். "பட்டவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் மனைவி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் இறங்கிப் போய்க் காலிக் குடத்தை என் வீட்டுக்காரர் பக்கத்தில் வைத்தேன்.

"அண்ணே, அது நான் சொன்னது" என்றேன். "கடையில இவரு சொன்னது, நான் தூக்குறேன்னு."