மடுவுக்குப் போகிற வழியில் நாங்கள் கண்ட யூதப் பெண்

முதலில் பிள்ளைகளின் விசேஷத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். மூத்த பேத்தி ஷாலினி பொறியியல் படிக்கிறாள், இரண்டாம் வருடம். இந்தப் பக்கத்தை நடத்துகிறவளும் அவள்தான். பேரன் டெறிக்குக்கு ஓ.எல். பரீட்சையில் ஒன்பது ஏ. சின்னவள் வலைப்பந்தில் மாவட்ட அணிக்குப் போயிருக்கிறாள், கோயில் பாட்டுக் குழுவிலும் அவள் குரல்தான் முன்னுக்குக் கேட்கும். மூவரும் என் மகன் ஜூட்டின் பிள்ளைகள். அந்த ஜூட் ஒன்றரை வயதில் போன பயணத்தைத்தான் எழுதப்போகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பூநகரி வழியாக மடு மாதா கோயிலுக்குப் போக நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் அடிக்கடி வழி கேட்கிறார்கள். இப்போது சங்குப்பிட்டியில் பாலம் இருக்கிறது, கண்மூடித் திறக்குமுன் கடந்துவிடலாம். நாங்கள் போனது 1986இல், ஆவணித் திருநாளுக்கு. அப்போது பாலம் இல்லை, பாதைதான். பாதை என்றால் வாகனங்களை ஏற்றிக்கொண்டு கடல்நீரேரியைக் கடக்கிற மிதவை. சனமும் வானும் மாடும் எல்லாம் அதில்தான்.

ஜூட்டுக்குக் காய்ச்சல் வந்தால் வலிப்பும் வரும். கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, உதடு நீலம் பாரித்துவிடும். ஒவ்வொரு முறையும் பிள்ளை போய்விட்டது என்றே நினைப்பேன். திருநாளன்று மடு மாதாவின் காலடியில் அவனைக் கிடத்துவதாக நேர்த்தி வைத்தோம். புறப்படுகிற அன்று காலையிலும் பிள்ளையின் உடம்பு சுட்டது. வழியில் வலிப்பு வந்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு.

அந்தப் பயத்துக்கு மருந்து போல ஒரு வெள்ளைக்கார டாக்டர் கிடைத்தார். பெயர் றேச்சல். யாழ்ப்பாணத்துக்கு உதவிக்கு வந்தவர், மன்னார்ப் பக்கம் போகவேண்டியிருந்தது. எங்கள் வானோட்டி காதர் நானா, "தங்கச்சி, டொக்டரையும் ஏத்துவம். பிள்ளைக்கும் துணை" என்றார். சோனக தெரு முஸ்லிம், ஊரில் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். வெள்ளைக்காரருக்கு வான் ஓடி இங்கிலீசும் பிடித்திருந்தார். போய்வர வாடகை தொள்ளாயிரம் ரூபாய்.

காலை ஆறு மணிக்குக் குருநகரில் ஏறினோம். என் கணவர் மனுவேல் மாதா சுரூபப் பதக்கம் ஒன்றை வானின் கண்ணாடியில் கட்டினார். பக்கத்தில் நானா ஒட்டிய 786 இருந்தது. "கட்டு, கட்டு. மரியம் நாச்சியார் எங்களுக்கும் பெரிய ஆள்தான்" என்றார் நானா. கேரதீவுத் துறைக்குப் பதினாறு மைல். ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தால், சோழகக் காற்று கடுமை, பாதை அக்கரையில் நிற்கிறது, மத்தியானம் ஆகும் என்றார்கள். நிழலே இல்லாத வெளி. வானுக்குள் இருந்தோம். பிள்ளை டாக்டரின் மடியில். ஈரத்துணியால் அவனைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் கோயிலில் தவக்காலத்தில் பாஸ்கு, அதாவது யேசுவின் பாடுகளின் கூத்து, போடுவார்கள். அதில் யூதரின் தலைமைக் குருவான கைப்பாஸ் வேஷம் பதினொரு வருடமாக அவருக்குத்தான். "நீ மெசியாவோ, சொல்!" என்று கேட்டுச் சட்டையைக் கிழிக்கும்போது முன்வரிசைப் பிள்ளைகள் அழும். வேதாகமத்தை வாசித்தறியாதவர், ஆனால் தீர்க்கதரிசிகள் சொன்னதெல்லாம் கூத்துப் பாட்டாக வாயில் நிற்கும். சும்மா இருக்க முடியாமல் ஏசாயாவின் பாட்டைத் தொடங்கினார்.

"பாத்தியே நானா. கிறிஸ்து நாதர் பிறக்க எத்தினையோ காலத்துக்கு முன்னமே சொல்லிப்போட்டார். எங்கடை பாவத்துக்காக அவர் காயப்படுவார் எண்டு."

"ஈசா நபி வந்தது சரி" என்றார் நானா. "கடைசிக் காலத்திலை திரும்பி வாறதும் சரி. சிலுவையிலை அறைஞ்சதுதான் இல்லை. அல்லா அவரை உயர்த்திப்போட்டான்."

"அப்ப சிலுவையிலை நிண்டது ஆர்?"

"ஆக்களுக்கு அப்பிடித் தோற்றினது."

"நான் பதினொரு வருஷம் கைப்பாஸ், நானா. ஆள் மாறியிருந்தா எனக்குத் தெரியாமலோ?"

நானா ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். பிறகு அவர் விடவில்லை. "மூசா நபி, உங்கடை மோசே, சொன்னாரே, என்னைப் போலை ஒரு நபி வருவார் எண்டு. அது எங்கடை நபியைத்தான்." என் கணவர், "அதுவும் யேசுதான், எல்லாம் யேசுதான்" என்றார். குரல்கள் ஏறின. ஏசாயா, மூசா என்ற பெயர்கள் காதில் விழ, டாக்டர் என்னவென்று கேட்டார். நானா இங்கிலீசில் சொன்னார். டாக்டர் சிரித்து ஏதோ சொல்ல, நானாவின் வாய் அப்படியே நின்றது.

"என்னவாம்?" என்றார் என் கணவர்.

"தங்கடை புத்தகத்தை வைச்சு நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிக்கிறமாம்." நானா மெதுவாகத் திரும்பினார். "மனுவேல், உவ யூதப்பிள்ளையாம்."

யூதர் என்றால் நான் கண்டது கூத்தில்தான். கறுப்புத் தாடி ஒட்டி, கண்ணுக்கு மை தீட்டி, ஆணியும் சுத்தியலுமாக வருவார்கள். அவர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. இங்கே ஒருத்தி என் பிள்ளையின் நெற்றியைத் துடைக்கிறாள்.

"மெசியா வந்ததை நம்பேல்லையோ எண்டு கேள்" என்றார் என் கணவர்.

நானா கேட்டார், பதிலைக் கேட்டார், தயங்கினார். "அவ சொல்லுறதைத்தான் நான் சொல்லுறன், எனக்கு அடியாதை. இன்னும் வரேல்லையாம். தாங்கள் பாத்துக்கொண்டிருக்கினமாம்."

என் கணவர் எழுந்து, டாக்டரின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். வெயில் நெருப்பாய்க் கொட்டியது. "இஞ்சேருங்கோ, பிள்ளைக்குக் காயுது" என்று பின்னால் ஓடினேன். அவர் திரும்பவில்லை. டாக்டர் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி வானுக்குள்ளேயே இருந்தார்.

அப்போதுதான் ஆமி ஹெலிகொப்டர் வந்தது. அந்த நாளில் இருந்தவர்களுக்குத் தெரியும், சத்தம் முதலில் காலுக்குள் வரும். வெடி நீரேரியில் வரிசையாக விழுந்தது, தண்ணீர் ஆளுயரம் எழும்பியது. எல்லாரும் கரையோரப் பள்ளத்தில் விழுந்தோம். என் வாய்க்குள் மண். ஹெலி இரண்டு தரம் சுற்றிவிட்டுப் பூநகரிப் பக்கம் போனது. தலை தூக்கிப் பார்த்தால், என் கணவரின் கையில் பிள்ளை விறைத்துக் கிடக்கிறான். உதடு நீலம்.

டாக்டர் நாலடி தள்ளி முழங்காலில் நின்றார். ஓடி வந்து பறிக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். என் கணவர் பிள்ளையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தானே போய் அவர் மடியில் கிடத்தினார்.

டாக்டர் அவனைப் பக்கமாகச் சரித்து, சட்டையைத் தளர்த்தி, ஒரு மருந்தைக் கொடுத்தார். வலிப்புக்கு எங்களூரில் கையில் இரும்பு கொடுப்பார்கள். நான் "இரும்பு, இரும்பு" என்று கத்த, நானா வானின் சாவித் திறப்பைக் கழற்றிப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு பேரும் அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விரல் மெல்லத் தளர்ந்து, திறப்பு மண்ணில் விழுந்தது. பிள்ளை அழுதான். அந்த அழுகை போல ஒரு சங்கீதம் நான் கேட்டதில்லை.

ஒரு மணிக்குப் பாதையில் ஏறினோம். நடுத் தண்ணீரில் என் கணவர் நானாவிடம், "ஒண்டு கேட்டுச் சொல்லு. ஏன் வரேல்லை எண்டு நினைக்கினம்? அதை மட்டும்" என்றார்.

டாக்டர் ஹெலி போன பக்கத்தைக் காட்டி, சுருக்கமாக ஏதோ சொன்னார். நானா சொன்னார்: "அவர் வந்தா உது நிக்குமாம். வாளை அடிச்சுக் கலப்பையாக்கிற காலமாம். உது நிக்கேல்லையே எண்டு கேக்கிறா."

என் கணவர் அக்கரை வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருநாளுக்குப் போய்ச் சேர்ந்தோம், நேர்த்தியும் முடிந்தது. டாக்டரைப் பிறகு காணவே இல்லை.

அடுத்த பாஸ்குவில், "நீ மெசியாவோ, சொல்" என்ற இடத்தில் என் கணவர் அதட்டவில்லை. கேட்டார். உண்மையாகவே பதில் வேண்டும் என்பது போலக் கேட்டார். சட்டையைக் கிழிக்கக் கை எழவில்லை. "கைப்பாஸ் கெஞ்சப்படாது, மனுவேல்" என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஏசினார். மறு வருடம் வேஷம் வேறு ஆளுக்குப் போனது.

1990 ஐப்பசிக் கடைசியில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டு எழுப்பினார்கள். இரண்டு மணித்தியாலம் கொடுத்தார்களாம். நாங்கள் கேள்விப்பட்டு ஓடிப்போனபோது சோனக தெருவில் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் அடுப்பில் வைத்த சோறு அப்படியே. நானா வீட்டு வாசலில் ஆடு ஒன்று கட்டினபடி கத்திக்கொண்டு நின்றது. என் கணவர் ஆட்டை அவிழ்த்துவிட்டார். தெரு நடுவில் நின்று, "ஓம், இன்னும் வரேல்லைத்தான்" என்றார். நான் பயந்து சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் போடவில்லை.

அவர் காலமாகிப் பல வருடம். போன ஆண்டு ஜூட் எங்களை மடுவுக்குக் கூட்டிப்போய், அப்படியே நானா குடியேறிய புத்தளத்துக்கும் கூட்டிப்போனான். நானாவுக்குக் கண் மங்கிவிட்டது, தாடி பஞ்சு. ஜூட்டின் கையைத் தடவி, "வலிப்பு வாறதில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். மனுவேல் இல்லை என்று சொன்னேன்.

"இப்ப அவனுக்கு ஆர் சரியெண்டு தெரிஞ்சிருக்கும்" என்றார் நானா. "கள்ளன், எனக்குச் சொல்லாமல் இருக்கிறான்."

போகிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்திலிருந்து மடு ஏறத்தாழ நூற்றிருபது கிலோமீற்றர். வெயிலுக்கு முன் புறப்படுங்கள், வழியில் நிழல் குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். நாங்கள் புத்தளமும் சேர்த்து வான் பிடித்தது, முப்பத்தையாயிரம் ஆனது. பாலத்தில் வேகமாகப் போகாமல், பழைய துறை இருந்த பக்கம் ஒருக்கால் இறங்கி நில்லுங்கள்.

ஷாலினி, மேலே போட்டிருக்கிற என் பிறந்தநாள் கேக் படத்தை எடுத்துவிடு பிள்ளை. புத்தளத்தில் எடுத்த புதுப் படத்தைப் போடு, உன் அப்பாவும் நானாவும் கை பிடித்துக்கொண்டு நிற்கிறது. நானாவின் வீட்டில் ஒரு போனில் இதைப் பார்ப்பார்களாம்.