உங்கள் இந்தியா எங்கே?

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. இந்த நாலு வாத்தியங்களுக்கும் சேர்த்து நான் எழுதும் இசையில் முதல் பகுதி முடிய மட்டும் மூன்று வருடம் ஆயிற்று. வார நாட்களில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பேன். சனிக்கிழமை காலைகளில், சிட்னியின் கிரவீன் பகுதியில் இருக்கும் என் வீட்டில், துணி காயப்போடும் அறையில் உட்கார்ந்து எழுதுவேன்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் ஒருவர். சிட்னிக்குப் படிக்க வந்த இடத்தில்தான், நாலைந்து பேர் மட்டும் வாசிப்பதற்கென்று அவர் எழுதியவற்றை முதலில் கேட்டேன். மூன்றே சுரங்களை எடுத்து, திருப்பி, நீட்டி, ஒரு முழுப் பகுதியையும் கட்டிவிடுவார். மற்றவர்கள் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் வயோலாவுக்கு நல்ல மெட்டு ஒன்றைத் தருவார். அவருக்குப் பின்னால் வந்த இளைய இசையமைப்பாளர்கள் வியன்னாவிலும் பிராகிலும் லண்டனிலும் இதையே பிடித்துக்கொண்டார்கள். சிலர் ஆரம்பத்தில் அப்படியே அவரைப் போல எழுதிவிட்டு, பிறகு தங்கள் வழியில் போனார்கள். சிலர் கடைசி வரை அவர் பாணியை விட்டு வெளியே வரவே இல்லை. அந்த வரிசையின் கடைசியில் நானும் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அதில் எனக்குப் பெருமைதான்.

போன வருடம், புதிதாக எழுதுபவர்களுக்கான பட்டறை ஒன்றில் என் முதல் பகுதியை எடுத்துக்கொண்டார்கள். நல்ல கலைஞர்கள் வாசித்தார்கள். நான் எழுதியதை இன்னொருவர் கையில் கேட்டது அதுதான் முதல் தடவை. உடம்பு சிலிர்த்தது. முடிந்ததும் பட்டறையை நடத்தியவர், வெள்ளைக்காரர், கனிவாகவே கேட்டார்.

“ரொம்ப நேர்த்தியா இருக்கு. ஆனா இதுல உங்க இந்தியா எங்கே? ஒரு ராகம், கொஞ்சம் மிருதங்கத் தாளம்னு எதிர்பார்த்தோம்.”

“இதுதான் நான்,” என்றேன். அவர் சிரித்தார்.

அடுத்து மெல்பர்ன் வெள்ளைக்காரப் பையன் ஒருவனுடைய இசை. அதிலும் அதே ஜெர்மானியர்தான், என்னுடையதை விடவும் அப்பட்டமாக. “மரபைத் தொடர்ந்து எடுத்துப் போகிறாய்,” என்று அவனைப் பாராட்டினார்கள். அவன் எடுத்தால் மரபு. நான் எடுத்தால் என்ன?

வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனான வென்ட்வேர்த்வில்லில் ரயிலை விட்டு இறங்கினேன். நான் அக்கா என்று கூப்பிடும் ஒருவரை அங்கே வரச்சொன்னேன். அவர் பல் டாக்டர், இலங்கைக்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சேர்ந்து வாசிக்கும் குழுவில் செல்லோ வாசிப்பவர். ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டே நடந்ததைச் சொல்லி, பட்டறையில் வாசித்ததைப் போனில் பதிவுசெய்திருந்தேன், அதையும் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார்.

“அந்தாள் சொன்னது விசர்க் கதை, மடத்தனம். விடும். ஆனா ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“இதில உம்மைக் காணேல்ல. முழுக்க அந்த ஜேர்மன்காரர்தான்.”

“நீங்களுமா அக்கா? நானும் ராகம் போடணுமா?”

“நான் ராகத்தைப் பற்றிக் கதைக்கேல்ல. உம்மட சத்தம் எங்க எண்டுதான் கேக்கிறன்.”

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவர் சொன்னது சரி என்பது கடை வாசலிலேயே தெரிந்துவிட்டது. அதனால்தான் அவ்வளவு கோபம். மூன்று வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த மூன்று வாரமும், ஜெர்மானியருடையதாகத் தோன்றிய இடங்களைப் பேனாவால் அடித்துக்கொண்டே போனேன். அடித்த இடத்தில் ஒன்றும் முளைக்கவில்லை. ஒரு ஆத்திரத்தில் ராகம் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். பண்டிகைக்கு வாடகை நகை போட்ட மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டேன்.

முதல் பகுதியைத் திருத்தி அனுப்பச் சொல்லிப் பட்டறைக்காரர்கள் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினார்கள். விலகிக்கொள்கிறேன் என்று எழுதினேன். வருத்தம் தெரிவித்து ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

பிறகு நானே அக்காவைக் கூப்பிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாம் பகுதியை வாசித்துப் பார்க்கிறோம். நடுவில் ஒரு எட்டு வரி மட்டும் ஜெர்மானியருடையது போல இல்லை, யாருடையது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. மிச்சமெல்லாம் இன்னும் அவருடையதுதான். சனிக்கிழமை தோறும் உட்காருகிறேன், எரிச்சலோடு எழுந்துவிடுகிறேன்.