மாமாவின் முடிச்சுகள்

யார் கையிலாவது செபமாலையைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது பக்தி அல்ல, பசி. அதற்குக் காரணம் மாமா.

எங்கள் குருநகர் வீட்டில் செபம் முடியாமல் சட்டி திறக்கப்படாது. அது அம்மாவின் சட்டம். மாமா வரும்வரை, சின்னப் பிள்ளையான எனக்கும் அதில் குறை இருக்கவில்லை. மளமளவென்று சொல்லி முடித்தால் புட்டும் மீன்குழம்பும் கிடைக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. யுத்தம் முடிந்தபோது இராணுவத்திடம் சரணடைந்து, சில வருடங்கள் தடுப்புமுகாமில் இருந்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தவர். அப்பா இரவில் கடலுக்குப் போய்விடுவதால் செபத்தை நடத்தும் பொறுப்பை அம்மா மாமாவிடம் கொடுத்தார். சும்மா இருந்திருக்கலாம். மாமாவின் செபமாலை எந்தக் கணக்குக்கும் அடங்காதது. தடுப்பில் இருந்தபோது கட்டியிருந்த சாரத்திலிருந்து நூல் உருவித் திரித்து அவரே முடிச்சுப் போட்டுச் செய்தது. அதில் மணிகள் இல்லை, முடிச்சுகள்தான். பத்து அருள்நிறைந்த மரியே சொல்லவேண்டிய இடத்தில் ஒருக்கால் ஏழு வரும், ஒருக்கால் பதின்மூன்று வரும். பெரும்பாலும் பதின்மூன்றுதான். அதுவும் ஒவ்வொரு முடிச்சிலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிடுவார். பாவாடையால் எவ்வளவு மூடினாலும் நுளம்பு என் காலைக் குத்தித் தின்னும். அம்மா இருமுவார். அம்மா இருமினால் கெதியாகச் சொல்லி முடி என்று அர்த்தம். அது விளங்காதவர் அந்த வீட்டில் மாமா ஒருவர்தான்.

கடைசியில் அம்மாவின் பொறுமையும் போய்விட்டது. மடு மாதா கோயிலுக்குப் போன அயல்வீட்டாரிடம் சொல்லிப் புதுச் செபமாலை ஒன்று வாங்குவித்தார். ஒரு நாள் காலை மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து அதை அவருடைய சேட்டுப் பையில் போட்டார். பழையதைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை, செபம் சொன்ன பொருள் அல்லவா. மரியாதையாக முற்றத்துச் செவ்வரத்தைச் செடிக்குக் கீழே புதைத்தார். எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை.

மாமா தலை துவட்டி முடிப்பதற்குள் வல்வெட்டித்துறையிலிருந்து வயதான ஓர் அம்மா வந்துவிட்டார். தடுப்பிலிருந்து யார் திரும்பினாலும், பிள்ளையைத் தேடும் தாய்மார் அந்த வீட்டுக்குப் படத்தோடு வருவது வழக்கம். இவரும் பொலித்தீன் பையிலிருந்து மகனின் படத்தை எடுத்து நீட்டினார். மாமா அதைப் பார்த்துவிட்டுச் சேட்டுப் பைக்குள் கைவிட்டார். வந்தது புது மாலை. மணி மணியாகத் தடவினார். எல்லாம் ஒரே வழுவழுப்பு.

“அக்கா, என்ரை மாலை எங்கை?”

பிழைக்கணக்கு மாலையால் மாதாவுக்கே அலுத்திருக்கும் என்று அம்மா நியாயம் சொல்லத் தொடங்கினார். மாமா புது மாலையை அவர் கையில் திருப்பி வைத்தார்.

“பேருகளை எழுதி வைச்ச கடதாசியளை ரெண்டு தரம் கண்டுபிடிச்சு அடிச்சவங்கள், அக்கா. செபமாலையை மட்டும் விட்டிட்டாங்கள். அதிலை ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு ஆள். கூட்டிக்கொண்டு போய்த் திரும்பி வராத ஆக்கள். அவையின்ரை உடுப்பிலை இழுத்த நூல் உள்ளுக்கை கிடக்கு.”

அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். சிரட்டையால் மண்ணைக் கிண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிக் கொண்டுவந்தார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினார். பாதி மாலை கடந்ததும் ஒரு முடிச்சில் நின்றார். அதற்குள் நீல நூல் தெரிந்தது.

“மழை பெய்த ஒரு பின்னேரம் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள், அம்மா. தன்ரை நீலச் சேட்டை எனக்குத் தந்திட்டு, நடந்துதான் போனவர். பிறகு நான் காணேல்லை.”

‘அப்படி ஒருவர் எங்களிடம் வரவே இல்லை’ என்றுதான் அதுவரை ஏறி இறங்கிய அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் அந்த அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்களாம். அவர் அந்த முடிச்சின் மேல் பெருவிரலை வைத்தபடி இருந்தார். அதை வெட்டிக் கொடுக்க மாமா கத்திரிக்கோல் கேட்டார். வந்த அம்மா விரலை எடுக்காமலே தடுத்தார்.

“வெட்டாதை, தம்பி. உதிலையே இருக்கட்டும். நாளைக்கு ஆரும் கேட்டால் நீ காட்டவேணும்.”

பழைய மாலை திரும்பி வந்துவிட்டது என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அன்றிரவு முழந்தாளிட்டபோது எனக்கு எரிச்சலில் அழுகையே வந்தது. மாமா நீல முடிச்சுக்கு வந்தார், வந்து நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அடுப்படியில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் இருந்தார். இருமவே இல்லை. மறந்துபோனாராக்கும் என்று நினைத்து, அவருக்காக நானே ஒருதரம் பலமாக இருமினேன்.