சம்பந்தி வீட்டு நெளிகத்தி

அடுத்தவர் தாத்தா சொன்னது நிஜமா பொய்யா என்று சொல்வது என் தொழில். ஜாவாத் தீவின் ‘கிரிஸ்’ என்ற நெளிகத்தியைப் பார்த்து, அதன் இரும்பில் ஓடும் கோலம் அடித்து உண்டாக்கியதா, அமிலத்தால் மேலே வரைந்ததா என்று சொல்ல வேண்டும். கணவரின் வேலைக்காக அங்கே போனபோது, கத்தி கழுவுவதையே தொழிலாகச் செய்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்டது. இப்போது கொடைக்கானலில் எனக்குக் ‘கத்தியக்கா’ என்று பேர். நகை உரசுகிறவர்களே, வில்லங்கம் பார்க்கிறவர்களே, உங்களுக்குப் புரியும்: வருகிறவர்கள் உண்மையைக் கேட்க வருவதில்லை, ‘ஆமாம்’ என்று கேட்கத்தான் வருகிறார்கள்.

மொய்க்கணக்கு

கிரிஸில் வளைவுகள் மொய்ப்பணம் மாதிரி, ஒற்றைப்படையில்தான் இருக்கும். ஏரிப்பக்கம் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர், வரவேற்பறையில் மாட்டியிருந்த ‘ராஜா காலத்து’ கத்தியோடு வந்தார். எண்ணினேன், எட்டு. மனம் நோகாமல் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவரே வழி சொன்னார்:

“நுனியில ஒரு வளைவ நறுக்கிட்டா ஒரிஜினல் ஆயிருமா மேடம்?”

கூக்கால் கேள்வி

கூக்கால் கிராமத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்தது அசல். பழைய எஸ்டேட் பங்களாவை ஒழித்தபோது கிடைத்ததாம். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, மடித்து மடித்து அடித்தால்தான் இந்தக் கோலம் வரும், இதற்குச் ‘சிந்திய அரிசி’ என்று பெயர், அது இருக்கிற வீட்டில் குறைவே வராது என்று அங்கே நம்புவார்கள் என்றெல்லாம் மூச்சுவிடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதெல்லாம் கெடக்கட்டும்க்கா, முட்டைக்கோசு வெட்டுமா?”

மரியாதைக்கு ஒரு பாலிஷ்

பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் காதர் பாய் மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வாட்ச் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார், கொள்ளுத்தாத்தா ஜாவாவில் வியாபாரம் செய்து கொண்டுவந்ததாகச் சொல்லும் கிரிஸைக் கொடுத்தார்கள். நிக்காஹ் அன்று அதைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. பாய்க்குச் சந்தேகம். கத்தி டூப்ளிகேட் என்றால் தங்களுக்கு இருப்பதாக அவர்கள் சொன்ன கடையும் தோப்பும் எந்த லட்சணம்? “கத்தி பொய்னா கல்யாணத்த நிறுத்திருவேன்” என்று போனில் சொல்லிவிட்டுத்தான் மலையேறி வந்தார்.

துணியைப் பிரித்தேன். கத்தியில் என் முகம் தெரிந்தது. கோலம் என்று ஒரு கோடுகூட இல்லை. “என்ன பாய் இது, கண்ணாடி மாதிரி இருக்கு?” என்றேன். அவருக்கு ஒரே பெருமை.

“துருவோட கொண்டாந்தா உங்களுக்கு மரியாதையா இருக்காதேன்னு, நம்ம கடை மெஷின்ல நானே பாலிஷ் போட்டேங்க.”

எலுமிச்சம்பழம்

விளக்கினேன். அசல் என்றால் கோலம் உள்வரைக்கும் இருக்கும், எலுமிச்சைச் சாற்றில் கழுவினால் திரும்ப வரும். டூப்ளிகேட் என்றால் அது மேலோடு சரி. அதை மெஷின் தின்றிருக்கும், சம்பந்தி கையில் மொட்டைக் கத்தியைத்தான் கொடுக்க வேண்டும். பாய் முகம் வெளிறிவிட்டது. மகளுக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது என்பதையும் அப்போதுதான் சொன்னார். பொய்யைப் பிடிக்க வந்த மனுஷன், சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா உண்மை பேசியிருக்க வேண்டும் என்று துஆ செய்ய ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சாற்றை ஊற்றித் தேய்த்தேன். ஒன்றுமில்லை. இன்னும் பழம் வாங்கிவரச் சொல்லி மறுபடி தேய்த்தேன். மெல்ல இரும்பு கறுத்தது. கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக அரிசி சிந்தியது. நான் கைதட்டிவிட்டேன். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தச் சம்பந்திய நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதே இல்லங்க.”

ஒப்படைப்பு

நிக்காஹ் அன்று காலை, கத்தியை ஒப்படைக்கும்போது துணைக்கு என்னையும் அழைத்திருந்தார். சம்பந்தி உருவிப் பார்த்துத் திகைத்தார். “எங்க வீட்ல இருந்தப்ப கோலம் இம்புட்டுப் பளிச்சுன்னு தெரியாதே?” பாய்க்குப் பொய் சொல்ல வரவில்லை. மெஷினிலிருந்து எலுமிச்சை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். கதவுக்குப் பின்னால் கல்யாணப் பெண் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தி கத்தியை உறையில் போட்டுவிட்டு, பாயின் தோளில் கைபோட்டார்.

“விடுங்க சம்பந்தி. நீங்க போட்ட வாட்ச்ச நாங்களும் மதுரைக்கு அனுப்பித்தான் பாத்தோம்.”

மதுரையில் என்ன சொன்னார்கள் என்று பாயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை; பிரியாணி மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அசலாக இருந்தது.